தொடக்கூடாத பொட்டு

பாத்து அண்ணாச்சி, பாத்து! காலைக் கொஞ்சம் தள்ளி வைங்க. அந்தப் பைக்குள்ள இருக்கது முட்டைக்கோஸு இல்ல, மிசினு. இருங்க, நான் மடியிலயே வச்சுக்கிடுதேன். இவ்வளவு நேரம் மடியிலதான் இருந்துச்சு, தொடை மரத்துப்போச்சேன்னு இப்பதான் இறக்கி வச்சேன். பெத்த பிள்ளையைக்கூட நான் இப்படிச் சுமந்ததில்ல. எங்க வீட்டுல கேட்டா அவளே சொல்லுவா, கேக்காமலும் சொல்லுவா.

திருச்செந்தூருக்கா? நல்லது, போய்ட்டு வாங்க. நான் குரும்பூர்ல இறங்கிருவேன். அங்க ஒருத்தன் இருக்கான், ஞானதிரவியம்னு பேரு. அவனை நாக்கைப் பிடுங்குத மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன். ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன். அவன் வீட்டுல மீன்கொழம்பு நல்லா வைப்பாவ, அது வேற விசயம்.

என் பேரு குத்தாலிங்கம். பாளையங்கோட்டையில வந்து கீபோர்டு குத்தாலம்னு கேட்டுப் பாருங்க. வண்ணமதி மெல்லிசைக் குழு, கேள்விப்பட்டிருப்பியளே? இல்லையா? சரி, நீங்க கொடைக்குக் கிடைக்குப் போற ஆளு இல்ல போல. இந்தப் பக்கம் எந்த அம்மன் கோயில் கொடைத் திருவிழான்னாலும், கல்யாண வரவேற்புன்னாலும் நாங்கதான். நான் இல்லாம அந்தக் குழு இல்லன்னு ஊரே சொல்லும். ஊரு சொல்லலைன்னா நான் சொல்லுவேன்.

இந்த மிசினு என்னன்னு கேக்கியளா? ரிதம் பெட்டி. இங்கிலீஸ்ல சீக்வென்சருன்னு சொல்லுதாவ. வரிசையா பதினாறு பொத்தான் இருக்கும். எந்தப் பொத்தானை அமுக்குதமோ அந்த இடத்துல ஒரு அடி விழும். தவில் வேணுமா தவில், தபலா வேணுமா தபலா. ஒரு சுத்து முடிஞ்சதும் திரும்ப முதல்ல இருந்து வரும். விடிய விடிய அடிக்கும். டீ கேக்காது, சோறு கேக்காது, வேன்ல சன்னலோர சீட்டு கேக்காது. மாப்பிள்ளை வீட்டுக்காரன் மதிக்கலைன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிடாது.

ஞானதிரவியம் இதெல்லாம் கேப்பான். அவன்தான் எங்களுக்கு டிரம்ஸ். சர்ச்சுல பாட்டுக்கு அடிச்சுப் பழகின கை. நல்லாத்தான் அடிப்பான், இல்லன்னு சொன்னா என் நாக்கு அழுகிரும். ஆனா அவன் டிரம்ஸை ஏத்துனா வேன்ல பாதி போயிரும். மீதிப் பாதியில நாங்க ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காந்துக்கிட்டுப் போவோம். எங்க குழு ஓனரு வசந்தராணி, அவதான் பாடுதவளும். ஒரு நாள் சொன்னா, "குத்தாலம் அண்ணே, இப்ப எல்லா குழுவுலயும் ரிதம் பெட்டி வந்துட்டுல்லா, நாமளும் வாங்கிட்டா என்ன?" நான் மறுநாளே ஜங்சன்ல போயி ஒரு பெட்டி வாங்கிட்டு வந்துட்டேன். எனக்கு எதையும் தள்ளிப் போடுத பழக்கம் கிடையாது.

அது பழைய பெட்டி. இது இல்ல, அது வேற கம்பெனி. நல்லாக் கேட்டுக்கிடுங்க, கதையே அங்கதான் இருக்கு.

அந்தப் பெட்டியில அடியெல்லாம் ஏத்தணும்லா? ஞானதிரவியம்தான் ஏத்துனான். எங்க வீட்டு மாடியில உக்காந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் அவன் கையாலயே தட்டித் தட்டி உள்ள போட்டான். அம்மன் பாட்டுக்கு ஒண்ணு, தெம்மாங்குக்கு ஒண்ணு, காதல் பாட்டுக்கு ஒண்ணு. நான் சும்மா இருந்தேன்னு நினைக்காதிய. பக்கத்துலயே இருந்து எல்லாத்தையும் மேற்பார்வை பாத்தேன். வடை எடுத்துக் குடுத்தேன்.

எல்லாம் முடிஞ்சதும் அவன் எங்க வீட்டுல ஆவுடைக்கிட்ட, "மதினி, உங்க ஸ்டிக்கர் பொட்டு அட்டையைத் தாங்க"ன்னு வாங்குனான். ஒரு பொத்தான்ல சிவப்புப் பொட்டு ஒட்டுனான். "குத்தாலம், இதை அமுக்குனா ஆரம்பிக்கும்." இன்னொண்ணுல பச்சை. "இதை அமுக்குனா அடுத்த பாட்டுக்கு மாறும்." கீழ ஓரத்துல ஒரு பொத்தான்ல கருப்புப் பொட்டு. "இது திருஷ்டிப் பொட்டுலே. செத்தாலும் இதைத் தொடாத. தொட்டேன்னா நான் ஏத்துனது அம்புட்டும் அழிஞ்சிரும்." சரிடான்னுட்டேன். அன்னையில இருந்து நான்தான் அந்தப் பெட்டியை வாசிச்சேன். சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. லேசுப்பட்ட வேலைன்னு நினைக்காதிய. எந்த நேரத்துல சிவப்பு, எந்த நேரத்துல பச்சைன்னு ஒரு ஞானம் வேணும். அது எல்லாருக்கும் வராது.

அப்புறம் டிரம்ஸ் எதுக்கு? அதை வீட்டுலயே வச்சிரச் சொல்லிட்டோம். அவனுக்கும் ஒரு ஓய்வு வேணும்லா. மேடையில எனக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு, கையில ஒரு கிலுகிலுப்பையைக் குடுத்து உக்கார வச்சோம். அதை ஆட்டிக்கிட்டே இருப்பான். எவ்வளவு சுகமான வேலை! எனக்கு அப்படி ஒருத்தன் குடுத்திருந்தா நான் அவனுக்குக் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பேன். இவன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தான். நன்றிங்கது ரத்தத்துல இருக்கணும் அண்ணாச்சி.

சாத்தான்குளத்துல ஒரு கல்யாண வரவேற்பு. ஒரு பாட்டுக்கு நடுவுல தவிலும் டிரம்ஸும் மாறி மாறி அடிக்கும், ஒரு முழு சுத்து. அன்னைக்குப் பெட்டியில அது அப்படி வந்துச்சு. சனம் எந்திரிச்சு நின்னு கைதட்டுது, விசில் அடிக்குது. மரியாதை தெரிஞ்சவன் என்ன செய்வான்? எந்திரிச்சு ஒரு கும்பிடு போடுவான். நான் போட்டேன். மாப்பிள்ளையோட தாய்மாமன் மேடையேறி வந்து எனக்கு ஒரு துண்டு போத்திவிட்டாரு. அவ்வளவுதான். இதுல என்ன தப்பு இருக்கு, சொல்லுங்க?

பந்தியில வச்சு ஞானதிரவியம் கேக்கான், "ஏலே குத்தாலம், அது என் கைதாம்லே." நான் சொன்னேன், "கை உன்னதா இருக்கட்டும்டா, பெட்டி என்னதுல்லா." நியாயமான பேச்சுதானே? அதுக்கு அவன் அந்தக் கிலுகிலுப்பையை என் இலைக்குப் பக்கத்துல வச்சான். கையைக் கழுவினான். பாயசம்கூட வாங்கலை. வேனுக்கு வராம தனியா பஸ் ஏறிப் போயிட்டான். போனா போறான்னு நானும் விட்டுட்டேன். அவன் இலையில அப்பளம் அப்படியே இருந்துச்சு, அதைப் பாத்ததும் எனக்கும் சோறு இறங்கலை. அன்னைக்கு சாம்பார் சரியில்ல.

அதுக்குப் பிறகு ஒரு தொந்தரவு. மேடையில சிவப்புப் பொட்டை அமுக்குதேன், அவன் அடிக்கான். பச்சையை அமுக்குதேன், அவன் அடிக்கான். ஆளு குரும்பூர்ல இருக்கான், அடி என் பக்கத்துல கேக்கு. தெம்மாங்குல ஒரு இடத்துல லேசா ஒரு தட்டு பிந்தி விழும், அவன் சிரிச்சுக்கிட்டே அடிக்கும்போது அப்படித்தான் விழும். ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வந்தா என்னை அறியாம பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பாக்கேன். என்ன மானங்கெட்ட பொழப்பு! உன் அடியே எனக்கு வேண்டாம்டான்னு நேரா கடைக்குப் போயி, அந்தப் பெட்டியைக் குடுத்துட்டு இதை வாங்கிட்டேன். வேணும்னே வேற கம்பெனி. அவன் கை பட்ட கம்பெனியே எனக்கு ஆகாது.

கடைக்காரன் சொன்னான், "அண்ணாச்சி, இது வேற மாதிரி, கொஞ்சம் படிச்சுப் பழகணும்." நான் சிரிச்சேன். எத்தனை கொடை, எத்தனை மேடை பாத்த ஆளுக்கிட்ட வந்து படிச்சுப் பழகணுமாம்! கூட ஒரு புஸ்தகம் குடுத்தான். எல்லா நாட்டு பாசையும் இருக்கு, தமிழைத் தவிர. அதை ஆடுத மேசைக்கு முட்டுக் குடுத்து வச்சிருக்கேன், நல்லா உழைக்குது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா ஆவுடைக்கிட்ட பொட்டு அட்டையை வாங்குனேன். பழைய பெட்டியில சிவப்பு எங்க, பச்சை எங்க, கருப்பு எங்கன்னு எனக்குத் தலைகீழாத் தெரியும். பழசைக் குடுக்கதுக்கு முன்னாலயே நூலு வச்சு அளந்து வச்சிருந்தேன், அதே இடத்துல ஒட்டுனேன். ஒரு நெல்லு பிசகலை. ஆவுடை சொல்லுதா, "என் நெத்தியில இருக்க வேண்டியதெல்லாம் உங்க பெட்டியில இருக்கு. அதுசரி, அது வேற பெட்டின்னியளே, பொத்தானும் வேறயா இருக்காதா?" எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அடுப்படியில இருக்கவளுக்கு இதெல்லாம் எங்க புரியும்? கார் எந்தக் கம்பெனியா இருந்தாலும் பிரேக்கு காலுக்கடியிலதானே இருக்கும்?

ஆனா இந்தக் கம்பெனிக்காரன் ஒரு கிறுக்கன். சிவப்பை அமுக்குனா ஆரம்பிக்க மாட்டேங்கு. ரெண்டு நாளு தடவித் தடவி, மேல ஒரு பெரிய பொத்தான்லதான் ஆரம்பிக்குதுன்னு கண்டுபிடிச்சேன். யாரு சொல்லிக் குடுத்தா? நானே கண்டுபிடிச்சேன். பச்சையை அமுக்குனா உடனே மாறாது. ஒரு சுத்து முடிஞ்ச பிறகு, யோசிச்சு, சரி போனாப் போகுதுன்னு மாறும். செல்போன்ல பாத்துப் படிப்போம்னா, ஒருத்தன் கை மட்டும் தெரியுது, வாய் ஓயாம பேசுதான். அந்தப் பேச்சுல எனக்குப் புரிஞ்சது "ஓகே" மட்டும்தான்.

இருக்கட்டும்னு நானே உக்காந்து அடி ஏத்துனேன். நம்ம அம்மன் பாட்டு ஆறு ஆறா நடக்கும், உங்களுக்கே தெரியும். இதுல பொத்தான் பதினாறு. ஆறு, பன்னிரண்டு, மிச்சம் நாலு நிக்கி. அந்த நாலுக்கு என்ன செய்ய? அப்படியே விட்டேன். ஒவ்வொரு சுத்துக்கும் அம்மன் ஒரு காலை நொண்டிக்கிட்டு வந்தா. ஞானதிரவியம் இதை எப்படிச் சமாளிச்சான்னு தெரியலை. ஏதாவது குறுக்கு வழி பண்ணியிருப்பான்.

நொண்டுனாலும் பரவாயில்ல, ஏத்துனது நிக்கணும்லா? ராவா பகலா தட்டி ஏத்துதேன். சுவிச்சை அணைச்சுட்டுப் படுக்கேன். காலையில போட்டா ஒண்ணும் இல்ல. துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. திரும்ப ஏத்துதேன். திரும்பக் காணும். ஆவுடை கிரைண்டர் போடுததாலதான் கரண்டு ஏறி இறங்கி அழியுதுன்னு கிரைண்டரை நிறுத்தச் சொன்னேன். ஒரு வாரம் வீட்டுல இட்லி கிடையாது, உப்புமாதான். அப்பமும் அழியுது. யாரோ கண்ணு வச்சிருக்கான்னு எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டேன். பழம் போச்சு. "ஏங்க, அந்தக் கருப்புப் பொட்டுக்கு அடியில என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை பிச்சுப் பாருங்களேன்"னு ஆவுடை சொன்னா. வந்ததே கோவம் எனக்கு! "அதைத் தொட்டா எல்லாம் அழிஞ்சிரும், தெரியுமா?"ன்னு கத்துனேன். அவ, "இப்ப என்ன வாழுது?"ன்னுட்டுப் போயிட்டா. எதிர்த்துப் பேசுதது இப்ப எல்லா வீட்டுலயும் ஒரு வழக்கமாப் போச்சு.

போன வாரம் ஒரு கொடை. மதியம் ஏத்துனவன் பெட்டியை அணைக்காம, அப்படியே கரண்டோட வேன் பாட்டரியில மாட்டி மேடைக்குக் கொண்டு போனேன். எப்படி மூளை? வசந்தராணி முதல்ல பிள்ளையார் பாட்டுக்கு மைக்கைப் பிடிச்சா. கண்ணைக் காட்டுனா. பழக்கதோசம், என் கை சிவப்புப் பொட்டுக்குப் போயிட்டு. சத்தம் வரலை. சனம் பாக்கு. பட்டு பட்டுன்னு அஞ்சாறு தடவை அமுக்குனேன். அப்புறம்தான் ஞாபகம் வந்து மேல உள்ள பெரிய பொத்தானை அமுக்குனேன். அந்தக் கிறுக்குப் பெட்டியில சிவப்பு ஒட்டுன இடம் வேகம் வைக்குத பொத்தானாம். நாம என்ன வேகத்துல தட்டுதமோ அந்த வேகத்துக்குத் தாளம் போகுமாம். இது எவனுக்குத் தெரியும்?

பிள்ளையாரு பாஞ்சாரு பாருங்க! எலி மேல போறவரு, அன்னைக்கு ரயில்ல போனாரு. வசந்தராணி மூச்சு வாங்கப் பின்னாலயே ஓடுதா. முன்வரிசையில நாலு குடிகாரங்க குத்துப்பாட்டுன்னு நினைச்சு ஆட ஆரம்பிச்சுட்டானுவ. கோயில் தர்மகர்த்தா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கிட்டு இருந்தவரு, கண்ணைத் திறந்து என்னைத்தான் பாத்தாரு. நிறுத்தத் தெரியாம நான் வயரைப் பிடுங்குனேன். பிடுங்குனதோட ஏத்துனதும் போச்சு. மீதிக் கச்சேரிக்கு ரிதம் கிடையாது, அவ பாடுதா, நான் காலால மேடைப் பலகையைத் தட்டுதேன்.

இறங்கி வந்து என்கிட்ட சொல்லுதா, "அண்ணே, வர்ற வெள்ளிக்கிழமை முக்கூடல் கொடை. அன்னைக்கும் இப்படித்தான்னா, நான் பாட்டையெல்லாம் பென்டிரைவ்ல ஏத்திக் கொண்டாந்திருவேன். அதுல தாளமும் இருக்கு, கீபோர்டும் இருக்கு. நீங்க வீட்டுல ஓய்வெடுங்க." ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! வேகமாப் பாடத் தெரியாம என் தாளத்தைக் குறை சொல்லுதா.

சரி, அதை விடுங்க. கலைஞன்னு ஒரு மரியாதை வேண்டாமா அண்ணாச்சி? இத்தனை காலம் கூட இருந்த மனுசனை எந்திரின்னு சொல்லிட்டு, அந்த இடத்துல கட்டைவிரல் தண்டி ஒரு சாமானைச் சொருகிருவாளாம். ஓய்வெடுக்கணுமாம்! எப்படி மனசு வருது இவங்களுக்கு? மேடையில அந்த நாற்காலி இல்லன்னா நான் யாரு? குத்தாலிங்கம்னா எவனுக்கும் தெரியாது. கீபோர்டு குத்தாலம்னாதான் தெரியும். இந்த மாதிரி ஒரு அநியாயத்தை எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியளா?

ஏன் அப்படிப் பாக்கிய? சரி.

நேத்து ஞானதிரவியத்துக்குப் போன் போட்டேன். நான் போடலை, ஆவுடை போட்டுக் கையில குடுத்தா. "யாரு?"ங்கான். என் நம்பரு தெரியாதாம் அவனுக்கு! "நான்தாம்ல"ன்னேன். பிறகு, "சாப்பிட்டியா?"ன்னான். நான் விசயத்துக்கு வந்துட்டேன், புதுப் பெட்டி, வேற கம்பெனி, ஏத்துனது நிக்க மாட்டேங்குன்னு சொன்னேன். "பொட்டு ஒட்டியிருக்கியா?"ன்னான். "பின்ன? நீ ஒட்டுன அதே இடத்துலதான், அளந்து ஒட்டியிருக்கேன்"னேன். "கருப்பு?" "கருப்பும் அதே இடந்தான். இன்னைக்கு வரைக்கும் ஒரு விரல் பட்டதில்ல." அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பிச்சான் பாருங்க! நிறுத்தவே இல்ல. அவன் பொண்டாட்டி, "என்னாச்சு, என்னாச்சு"ன்னு ஓடி வாரது இங்க கேக்கு. இவ்வளவு நாளுக்குப் பிறகு பேசுதமே, ஒரு அடக்கம் வேண்டாமா? சிரிச்சு முடிச்சுட்டு, "அதைக் கொண்டு வாலே, பாப்போம்"னான். அதாவது, என்னை வரச்சொல்லிக் கெஞ்சுதான். அவனுக்கும் நான் இல்லாம பொழுது போகலை, பாவம். அதான் கிளம்பிட்டேன். போனதும் ஏன்டா சிரிச்சேன்னு சட்டையைப் பிடிச்சுக் கேக்கப் போறேன்.

என்ன, பாக்கணுமா? பாருங்க, தாராளமாப் பாருங்க. இதான். இது சிவப்பு, இது பச்சை. ஓரத்துல இருக்கதுதான் அந்த... ஏ அண்ணாச்சி! நகத்தை எடுங்க! அதைப் பிய்க்காதிய, சொல்லுதேம்லா! அட, பிச்சே போட்டியளே!

என்னமோ எழுதியிருக்கு. வாசிக்கத் தெரியாதுன்னு இல்ல, கண்ணாடி கொண்டாரலை, நீங்களே வாசிங்க. என்னது? சேவ்? சேவ்னா... பத்திரமா எடுத்து வைக்கதா? ஏத்தி முடிச்சதும் இதை ஒரு அமுக்கு அமுக்குனா அப்படியே நிக்குமா? அணைச்சாலும் போவாதா?

அப்ப, தொடவே கூடாதுன்னு நான் காவல் காத்தது இதையா?

ஒரு வாரம் இட்லி இல்ல அண்ணாச்சி எங்க வீட்டுல.

ஆமா, நீங்க சொல்லுதது சரிதான். இனி குரும்பூர்ல எனக்கு வேலை இல்ல. இப்படியே இறங்கி எதிர் பஸ்ஸைப் பிடிச்சா பொழுது சாயதுக்குள்ள வீடு. எல்லாத்தையும் ஏத்தி, இதை ஒரு அமுக்கு அமுக்கி, வெள்ளிக்கிழமை வசந்தராணி வாயை அடைச்சிரலாம். என் நாற்காலியை எவனும் அசைக்க முடியாது. பக்கத்து நாற்காலிதான், அது பாட்டுக்குக் காலியா இருக்கும், அதுக்கென்ன.

என்ன ஊரு இது? அதுக்குள்ள குரும்பூர் வந்துட்டா?

அண்ணாச்சி, அந்தப் பொட்டைத் தாங்க. எங்க விட்டிய? உங்க விரல்லதான் ஒட்டியிருக்கு பாருங்க. பசை இருக்கா? இருக்கு. நீங்களே அதே இடத்துல வைங்க, எனக்குக் கண்ணாடி இல்ல. கோணாம வைங்க, எழுத்து வெளியில தெரியாம. அவன் பொல்லாத கண்ணுக்காரன், பிச்சு ஒட்டுனதுன்னா உடனே கண்டுபிடிச்சிருவான். நல்லா அமுக்கி விடுங்க. மிசினுல ஒண்ணும் கோளாறு இல்லன்னா, நான் என்னத்தைச் சொல்லிட்டு அவன் வீட்டுப் படி ஏறது? ஹோல்டான், ஹோல்டான்! கண்டக்டரே, குரும்பூர் ஆளு இறங்கணும்!